எந்தக் கல் என்று கேட்காமல் தயிரை நிறுத்தச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வார மருத்துவப் பக்கத்தில் ‘பால், தயிர், தக்காளியை நிறுத்தினாலே சிறுநீரகக் கல் திரும்ப வராது’ என்று போட்டிருந்தீர்கள். படித்ததும் எனக்கு அழுகைதான் வந்தது. இதே பேச்சை நம்பி ஐந்து வருடம் தயிரைத் தொடாமல் இருந்தும் இரண்டு தடவை கல் வந்து துடித்தவள் நான்.

தயிர் இல்லாமல் பழைய சோறு எப்படி இறங்கும்? ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று உப்பாகவே சாப்பிட்டேன். உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும் என்று ஒருவரும் சொல்லவில்லை. கீரையிலும் கடலையிலும் இருக்கும் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து வைப்பது தயிரில் உள்ள கால்சியம்தான், அதை நிறுத்தினால் ஆக்சலேட் சிறுநீருக்குப் போய், அங்கே கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகும் என்பதும் அப்போது தெரியாது. இத்தாலியில் கல் வந்த 120 ஆண்களை 5 வருடம் கவனித்து 2002-லேயே எழுதிவிட்டார்கள்: கால்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்குத் திரும்ப வந்தது, கால்சியத்தைக் குறைக்காமல் உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்குத்தான். பத்திரிகை நடத்தும் உங்களுக்கு இது தெரியாமலா இருக்கும்?

முதல் தடவை எடுத்த கல்லை மாத்திரை டப்பாவில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். மிளகளவு, கரும்பழுப்பு. அதை லேபுக்கு அனுப்பலாம் என்று சொல்ல அந்த ஆஸ்பத்திரியில் ஆளில்லை. ஏழு வருடம் பீரோவில் கிடந்தது. மூன்றாவது தடவை பார்த்த டாக்டர்தான் “பழைய கல் இருக்காம்மா?” என்று கேட்டு அனுப்பினார். கால்சியம் ஆக்சலேட் என்று வந்தது. சர்க்கரை உள்ள என் அண்ணனுக்கு வந்தது யூரிக் ஆசிட் கல், எக்ஸ்ரேயில் தெரியாத வகை. சிறுநீரின் அமிலத்தைக் குறைக்கும் மருந்திலேயே அது கரைந்துவிட்டது. ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பேருக்கே ஒரே வைத்தியம் இல்லை, ஊருக்கெல்லாம் ஒரே வரியில் எப்படிச் சொன்னீர்கள்?

அந்த டாக்டர் என்னிடம் 24 மணி நேரச் சிறுநீரையும் பிடித்துத் தரச் சொன்னார், அதுவும் வேலை நாளில். ஜவுளிக்கடைக்குத் துணிப்பையில் கேனை மறைத்து எடுத்துப் போனேன். உப்பு அதிகம், கல்லைத் தடுக்கும் சிட்ரேட் குறைவு, மொத்தமே 900 மில்லி. இரண்டரை லிட்டர் போக வேண்டுமாம். எங்கே போவது? மூன்றாவது மாடியில் ஒரே கழிப்பறை, ஒவ்வொரு தடவையும் சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும், அதனால் கடையில் எந்தப் பெண்ணும் மத்தியானம் வரை வாயில் தண்ணீர் வைப்பதில்லை. கடை ஊழியர்கள் உட்கார 2021-ல் சட்டம் வந்ததைப் பெரிதாக எழுதினீர்கள், சந்தோஷம். கழிப்பறையைப் பற்றியும் எழுதுங்கள் என்று அப்போதே இரண்டு கடிதம் போட்டேன். ஒரு வரிகூட வரவில்லை.

சரி, இப்போது கேட்பது ஒன்றுதான். கல் விழுந்தாலோ எடுத்தாலோ அது என்ன கல் என்று சோதித்துப் பாருங்கள், டாக்டரைக் கேட்காமல் பால், தயிரை நிறுத்தாதீர்கள் என்று நாலு வரி, அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் போடுங்கள். அடுத்த வாரமே போட்டால் நல்லது. என் ஓரகத்தி உங்கள் பக்கத்தை வெட்டி பிரிட்ஜில் ஒட்டிவிட்டு, திங்கட்கிழமையிலிருந்து ஆறு வயசுப் பிள்ளைக்கும் சேர்த்துப் பாலை நிறுத்தியிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, விருதுநகர்