மொட்டை மரம் பாக்கக் கூட்டிக்கொண்டு போன சுற்றுலாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான அண்ணைமார், அக்காமாருக்கு,

எங்கட முதியோர் சங்கத்தின்ர பேரை நான் இதில போடேல்லை, வாசிக்கேக்கை உங்களுக்கே விளங்கும். ஸ்காபரோவில இருந்து ஒவ்வொரு வருசமும் தாங்ஸ்கிவிங் சனிக்கிழமை வடக்கில இருக்கிற அல்கொன்குயின் பார்க்குக்கு, இலையுதிர் காலத்தில நிறம் மாறின "இலை பாக்க" பஸ் விடுறது நீங்கள்தான். போன வருசம் அம்மாவோட நானும் வந்தனான், கடைசி வரிசைக்கு முதல் வரிசை, பாத்ரூம் கதவுக்குப் பக்கத்தில. அப்ப ஒண்டும் கதைக்காமல்தான் வீட்டை போனனான், ஏனெண்டால் நீங்கள் எல்லாரும் சம்பளம் இல்லாமல் ஓடித் திரியிற ஆக்கள், உங்களோட சண்டை பிடிச்சால் எனக்குத்தான் பாவம். ஆனா முந்தநாள் இந்த வருச நோட்டீஸ் வட்ஸ்அப்பில வந்தது, திகதியைப் பாத்தன், திரும்பவும் அதே சனிக்கிழமை. அதுதான் இருந்து எழுதுறன்.

அண்டைக்கு நடந்ததை ஒருக்கா ஞாபகப்படுத்துறன். விடிய 6 மணிக்குப் பஸ் எண்டு சொன்னதால அம்மா 4 மணிக்கே எழும்பித் தலை இழுத்து, ரெண்டு ஸ்வெற்றர் போட்டு, பிளாஸ்க்கில தேத்தண்ணியும் ஊத்தி வச்சிட்டா. நாங்கள் 5:45க்குப் பிளாசா பார்க்கிங்கில நிக்கிறம், ரோல்ஸ் வந்து சேரேல்லை எண்டு பஸ் வெளிக்கிடேக்கை 7:30. ரோல்ஸ் நல்ல ரோல்ஸ், அதில நான் பிழை சொல்ல மாட்டன். பிறகு 400ஆம் ஹைவேயில ஏறினால் முழு ரொறன்ரோவும் எங்களுக்கு முன்னால நிக்குது, படகு கட்டி இழுக்கிற ட்ரக், கூரையில சைக்கிள் கட்டின கார், கொட்டேஜுக்குப் போற சனம், எங்களை மாதிரி இலை பாக்கப் போற சனம், எல்லாம் ஒரே ரோட்டில. பரி தாண்டவே 10 மணியாச்சு. அங்கை ஒரு கோப்பிக் கடையில 52 பேரை இறக்கி விட்டியள், லேடீஸ் வொஷ்ரூம் ரெண்டே ரெண்டு, அந்த லைனிலயே முக்கால் மணித்தியாலம். ஹன்ட்ஸ்வில்லில இருந்து 60ஆம் ஹைவேயில திரும்பி, பார்க் வாசல்ல லைனில நிண்டு, உள்ளுக்கை போய் பஸ்ஸை நிப்பாட்டேக்கை 2 மணி. புரியாணி ஆறிப் போச்சு.

சாப்பிட்டு முடிய மைக்கில சொன்னியள், "ஏலுமான ஆக்கள் லுக்அவுட் ட்ரெயில் ஏறுங்கோ, மற்றவை பஸ்ஸுக்கை இருங்கோ" எண்டு. அந்த ட்ரெயில் மொத்தம் 2 கிலோமீற்றர்தான், ஆனா நல்ல ஏத்தம், கல்லும் வேரும். முதியோர் சங்கத்து ட்ரிப்பில அதை ஏறினது நான் எண்ணி 14 பேர், அதில பாதி என்னை மாதிரி பிள்ளையள். மற்ற 38 பேரும் 500 கிலோமீற்றருக்கு மேல போக வர இருந்து பாத்தது ஒரு பார்க்கிங் லொட்.

அம்மா "நீ போய்ப் பாத்து போட்டோ எடுத்துக்கொண்டு வா" எண்டு அனுப்பினவ, அதால நான் ஏறினனான். மேல பாறையில நிண்டு பாத்தால் சாம்பல். சும்மா சொல்லேல்லை, சாம்பல் நிறக் கொப்பு, இடைக்கிடை கரும்பச்சையா பைன், அங்கை இங்கை கொஞ்சம் மஞ்சள். போட்டோவை அம்மாட்டைக் காட்ட, கண்ணாடியைப் போட்டு வடிவாப் பாத்திட்டு, "என்ன பிள்ளை இது, மயிர்க்கொட்டி திண்ட முருங்கை மாதிரி நிக்குது" எண்டா. பஸ்ஸில பக்கத்தில இருந்த அன்ரி சிரிச்ச சிரிப்பு இன்னும் காதில இருக்கு.

திரும்பி வரேக்கை நீங்கள் மைக்கில "இந்த வருசம் காலநிலை சரியில்லை, இலை கெதியாக் கொட்டிட்டுது, என்ன செய்யிறது" எண்டு சொன்னியள். அண்ணை, கோவிக்காதேங்கோ, காலநிலையில பிழை இல்லை, உங்கட கலண்டரிலதான் பிழை.

அல்கொன்குயினில சனம் பாக்கப் போற அந்தச் சிவப்பும் செம்மஞ்சளும் சுகர் மேப்பிள், நாங்கள் பான்கேக்கில ஊத்துற சிரப் வாற அதே மரம். அது அங்கை உச்சத்துக்கு வாறது பெரும்பாலும் செப்டம்பர் கடைசிக் கிழமையில, மிஞ்சிப் போனால் அக்டோபர் முதல் சில நாள். தாங்ஸ்கிவிங் வாறது அக்டோபர் ரெண்டாவது திங்கள். ஒரு வருசம் அதிர்ஷ்டத்துக்கு மிச்சம் மீதி நிக்கும், ஆனா ஒரு நல்ல மழையும் காத்தும் அடிச்சால் ஒரு இரவில எல்லாம் நிலத்தில. பார்க்கின்ர மேற்குப் பக்கம் சுத்தியிருக்கிற இடங்களை விட உயரமான நிலம், அதோட வடக்கு, அதால குளிர் முதல் அங்கைதான் இறங்கும். இரவு நீள நீள, மரம் இலைக்குப் போற குழாயைக் கொஞ்சம் கொஞ்சமா அடைக்கும், பச்சையம் அழியும், அதுக்குக் கீழ ஒளிச்சிருந்த மஞ்சள் வெளியில தெரியும். சிவப்பு மட்டும் வேற கதை, அது ஒளிச்சிருந்த நிறம் இல்லை, இலைக்குள்ள அகப்பட்ட சீனியில இருந்து மரம் புதுசா உண்டாக்கிறது, பகல் நல்ல வெய்யிலும் இரவு உறையாத குளிருமா இருந்தால் நல்லா ஏறும். அதாலதான் ஒரு வருசம் மாதிரி மற்ற வருசம் இருக்காது.

இதில நீங்கள் பிடிக்க வேண்டிய விசயம் என்னெண்டால், இந்த நிறம் ஒரே நாளில ஒன்ராறியோ முழுக்க வாறேல்லை. அது வடக்கில இருந்து எங்களை நோக்கி இறங்கி வருது. அல்கொன்குயின் செப்டம்பர் கடைசி, மஸ்கோகா, ஹலிபேர்ட்டன் பக்கம் அதுக்குப் பிறகு, கலெடன், ஹமில்டன் மலைப்பக்கம் அக்டோபர் நடுவில, எங்கட ஸ்காபரோவுக்கு வந்து சேர அக்டோபர் மூண்டாம் கிழமை ஆகும். நாங்கள் 400ல வடக்க ஏறிக்கொண்டிருக்க, இலையின்ர நிறம் எதிர்ப்பக்கத்தால தெற்க இறங்கிப் போயிட்டுது. வழியில கிரேவன்ஹர்ஸ்ட் தாண்டேக்கை கண்ணாடிக்கு வெளியில சிவப்பா நல்ல வடிவு இருந்தது, உங்களுக்கு ஞாபகம் இருக்கோ? எல்லாரும் அப்ப பஸ் ரீவியில படம் பாத்துக்கொண்டு இருந்தவை.

இன்னொண்டு கேக்கிறன், பதில் சொல்லுங்கோ. சங்கத்தில அங்கத்தவர் எல்லாரும் பென்சன் எடுக்கிற ஆக்கள். செவ்வாயும் ஒண்டுதான் சனியும் ஒண்டுதான். வேலைக்குப் போற சனத்துக்கு வேற வழியில்லாமல் லோங் வீக்கெண்டில ரோட்டில போய் நிக்குது, கிழமை முழுக்க வீட்டில இருக்கிற சங்கத்து ஆக்கள் ஏன் தேடிப் போய் அதுக்குள்ள மாட்டுப்பட வேணும்? நான் ஒரு அண்ணையிட்டைக் கேட்டன், அவர் சொன்னது உதவிக்கு வாற பெடியளுக்கு வீக்டேயில லீவு இல்லையாம், பஸ்ஸும் ஜூலையிலயே புக் பண்ண வேணுமாம். ரெண்டும் நியாயம்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா ஜூலையில புக் பண்ணுறதை செப்டம்பர் கடைசிக் கிழமையில ஒரு புதனுக்குப் புக் பண்ணலாமே. இலை உச்சத்தில நிக்கும் எண்டு ஒருத்தராலயும் எழுதித் தர ஏலாது, ஆனா அந்தக் கிழமை வாய்ப்புக் கூட. தனிக்காரில வர விரும்புற பிள்ளையளுக்கு ஒண்டு சொல்லி வையுங்கோ, நாள் பெர்மிட்டை 5 நாளுக்கு முதல்ல இருந்து ஒன்லைனில எடுக்கலாம், இலைக் காலத்து சனி ஞாயிறில அது முடிஞ்சிடும், பெர்மிட் இல்லாமல் போய் வாசல்ல நிண்டு திரும்பி வராதேங்கோ. ஒன்ராறியோ பார்க்ஸ் ஒவ்வொரு பார்க்கிலயும் எவ்வளவு நிறம் மாறியிருக்கு, எவ்வளவு கொட்டியிருக்கு எண்டு வலைத்தளத்தில போடுறவை. அல்கொன்குயின் விசிற்றர் சென்ரரில வெப்காமும் இருக்கு, வீட்டில இருந்தே மரத்தைப் பாக்கலாம். அதைப் பாக்கிற வேலையை என்னட்டைத் தாங்கோ, நான் செய்யிறன், தேத்தண்ணி குடிக்கேக்கை எப்பிடியும் போனைத்தானே நோண்டுறன்.

முழங்கால் கதைக்கு வாறன், ஏனெண்டால் எனக்கு அதுதான் பெரிய கவலை. அல்கொன்குயினில ஏறாமலும் பாக்கலாம். 60ஆம் ஹைவே பார்க்குக்குள்ள 56 கிலோமீற்றர் ஓடுது, மேற்கு வாசல்ல இருந்து கிலோமீற்றர்க் கணக்கிலதான் இடங்களைச் சொல்லுவினம். 43ஆம் கிலோமீற்றரில அந்த விசிற்றர் சென்ரர், பின்னால பெரிய தட்டு மாதிரி ஒரு டெக், வோக்கரோட போய் நிண்டு முழுக் காட்டையும் பாக்கலாம், வொஷ்ரூமும் அங்கையே இருக்கு. லுக்அவுட் ட்ரெயிலுக்கும் அதுக்கும் இடையில 3 கிலோமீற்றர்தான். நாங்கள் ஒண்டரை மணித்தியாலம் பார்க்கிங்கில இருந்தனாங்கள், பஸ்ஸை ஒரு அஞ்சு நிமிசம் ஓட்டியிருந்தால் அந்த 38 பேரும் பாத்திருப்பினம். இதை வீட்டை வந்து மப்பைப் பாக்கேக்கைதான் கண்டுபிடிச்சன், கண்டுபிடிச்சிட்டு எனக்குக் கோவத்தில நித்திரை வரேல்லை.

அந்த ட்ரிப் முடிஞ்சு பத்து நாளுக்குப் பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. அம்மாவை ரூஜ் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போனன். எங்கட வீட்டில இருந்து காரில 15 நிமிசம், கார் இல்லாத ஆக்களுக்கு மிருகக்காட்சிச்சாலை வரைக்கும் பஸ் போகுது. கனடாவின்ர முதலாவது தேசிய நகரப் பூங்கா அது, 79 சதுர கிலோமீற்றர், வாசல் காசு இல்லை, எங்கட சனம் நிறையப் பேர் முப்பது வருசமா அதுக்குப் பக்கத்தில இருந்துகொண்டு ஒருநாளும் உள்ளுக்கை போகேல்லை. நானும்தான். கிளென் ஈகிள்ஸ் விஸ்ற்றா எண்டு ஷெப்பேர்ட்டும் ட்வின் ரிவர்ஸும் சந்திக்கிற இடத்தில ஒரு சின்னப் பாதை, அம்மா தடியை ஊண்டிக்கொண்டு மெல்ல மெல்ல நடந்து முனைக்கு வந்திட்டா. கீழ ஆறு போகுது, மற்றக் கரையில மலை முழுக்க மேப்பிள், ஓக், மஞ்சளும் செம்பும் சிவப்புமா. ரோட்டோரத்தில சூமாக் பத்தை ரத்தச் சிவப்பு. ஆக்கள் எண்டு பாத்தால் நாயோட வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் மட்டும்.

அம்மா கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்லை. பிறகு, "ஊரில இலை கொட்டினால் விடியக் கூட்டி எருக்கும்பியில போடுவம், இஞ்சை 80 டொலர் குடுத்துப் போய்ப் பாக்கிறம்" எண்டா. சொல்லிப்போட்டுக் குனிஞ்சு நிலத்தில இருந்து ஒரு மஞ்சள் இலை எடுத்தா, இதய வடிவத்தில, நீளக் காம்போட, அங்கை நிண்ட ஏதோ பொப்லர் மரத்தின்ர இலை. "பூவரசம் இலை மாதிரியே இருக்கு" எண்டு திருப்பித் திருப்பிப் பாக்கிறா. எங்கட வீட்டு வேலி முழுக்கப் பூவரசுதான், அம்மா சின்னனில அதைச் சுருட்டிப் பீப்பீ ஊதினவ. (பூவரசின்ர விஞ்ஞானப் பேரில வாற பொபுல்னியா எண்ட சொல்லுக்கு அர்த்தமே பொப்லர் மாதிரி எண்டுதான், இதை நான் பிறகு தேடிப் பாத்து அறிஞ்சது, அம்மா தேடாமலே சொல்லிட்டா.) உடன அதைச் சுருட்டி, நுனியை நசுக்கி, வாயில வச்சு ஊதினா. சத்தம் வரேல்லை. இலை காய்ஞ்சு போச்சு, வெடிச்சிட்டுது. இன்னொண்டு எடுத்தா, அதுவும் வெடிச்சுது. 78 வயசு அம்மா நிலத்தில பச்சை கொஞ்சம் மிஞ்சின இலையாப் பாத்துப் பொறுக்கி, நாலாவதில "பீ" எண்டு ஒரு சின்னச் சத்தம் வந்தது, அந்த நாய் நிண்டு திரும்பிப் பாத்துது. அரை நாள், செலவு எண்டு பாத்தால் ரெண்டு கோப்பியும் ஒரு மஃபினும்.

இதைச் சொல்லுறதுக்காக அல்கொன்குயினை விடுங்கோ எண்டு கேக்கேல்லை. 1893இல தொடங்கின பார்க், எங்கட சனம் ஒருக்காவாவது பாக்க வேணும், அந்தக் காட்டின்ர பெருப்பம் ரூஜில வராது. செப்டம்பர் கடைசியில ஒரு புதன் போவம், நேர விசிற்றர் சென்ரருக்கு, ஏலுமான ஆக்கள் லுக்அவுட் ஏறட்டும். அதோட அக்டோபர் மூண்டாம் கிழமையில தூரம் போக ஏலாத ஆக்களுக்கு ஒரு ரூஜ் ட்ரிப் வையுங்கோ, அதுக்குப் பெரிய பஸ்ஸே வேண்டாம், ரெண்டு வான் காணும், நான் ஒண்டு ஓட்டுறன். தாங்ஸ்கிவிங் சனிக்கிழமை வீட்டில பேரப்பிள்ளையளோட இருந்து சாப்பிடட்டும், அண்டைக்கு அவையளுக்கும் லீவு.

லேற்றாப் போனாலும் ஒரு வழி இருக்கு, அதையும் சொல்லி வைக்கிறன். பஸ் ஏற்கனவே கட்டிப்போட்டம், திகதி மாத்த ஏலாது எண்டால், டமராக்கைப் பாக்கப் போங்கோ. ஊசியிலை மரம், ஆனா அதுவும் பொன் நிறமா மாறி ஊசியைக் கொட்டும், மேப்பிள் முடிஞ்சு அக்டோபர் நடுவை ஒட்டித்தான் அது உச்சத்துக்கு வரும். விசிற்றர் சென்ரருக்குக் கிட்ட ஸ்புரூஸ் பொக் எண்டு சேத்து நிலத்துக்கு மேல பலகைப் பாதை போட்ட ஒரு இடம், அங்கை நிக்குது. ஆனா அதுக்கு நோட்டீஸில மேப்பிள் இலைப் படத்தைப் போட்டு ஆக்களை ஏமாத்தாதேங்கோ.

வாற ஞாயிறு கூட்டத்துக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாறன். அவ சொல்லச் சொன்னது ரெண்டு விசயம்: ரோல்ஸை முதல்நாள் இரவே எடுத்து வையுங்கோ, மற்றது எந்த நாள் போனாலும் அவவுக்கு முன் சீற் வேணுமாம், பாத்ரூம் பக்கத்தில திருப்பி இருக்க மாட்டாவாம்.

இப்படிக்கு,
உங்கட பஸ்ஸில கடைசி வரிசைக்கு முதல் வரிசையில இருந்த பிள்ளை