மரந்துளைக்கும் வண்டுகளுக்குக் கொழும்புத் துறைமுகத்தில் பொறி வையுங்கள்: ஒரு திறந்த மடல்

இலங்கைத் துறைமுகங்கள் அதிகாரசபை, தேசிய தாவரத் தடுப்புக்காப்புச் சேவை, சுங்கத் திணைக்களம் ஆகியவற்றின் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

சரக்கு அடுக்கும் மரத்தட்டான பலட்டில், வெப்பமூட்டியதைக் காட்டும் 'எச்டி' முத்திரை இருந்தால், அந்த மரத்தின் நடுப்பகுதி வரை 56 பாகை செல்சியஸ் வெப்பம் தொடர்ந்து 30 நிமிடம் ஏறியிருக்க வேண்டும். அன்று உள்ளே இருந்த புழு அதில் சாகும். ஆனால் அதே பலட் பண்டகசாலையில் மாதக்கணக்காகக் கிடக்கும்போது காய்ந்த மரத்தைத் துளைக்கும் வண்டான உலர்மரத் துளைப்பான் புதிதாக வந்து முட்டையிடலாம். அதை முத்திரை தடுக்காது. கருங்கல், தரையோடு, இயந்திரம் போன்ற பாரமான சரக்குகளுக்கு முட்டுக் கொடுக்கும் கட்டைகளில்தான் ஆபத்து அதிகம். அவற்றைத் திருப்பிப் பார்ப்போர் குறைவு.

2002இல் அமெரிக்காவின் ஜோர்ஜியாவில், போர்ட் வென்ட்வேர்த் துறைமுகப் பகுதிப் பொறிகளில் சிக்கியவை மூன்றே மூன்று சிறு வண்டுகள். சைலெபோரஸ் கிளாப்ரேட்டஸ் என்ற அந்த ஆசிய இனம் சுமந்து வந்த பூஞ்சை, பின்னர் லோரல் வாடல் நோயாகப் பரவிக் காட்டு மரங்களையும் அவகாடோவையும் கொன்றது. எங்கள் கறுவாவும் அதே தாவரக் குடும்பம். இந்த வண்டைப் பொறிக்கு இழுக்க, வழக்கமாக வைக்கும் எத்தனோல் வாசனை போதாது, வால்மிளகு எண்ணெய் வேண்டும். ஆகவே எல்லாப் பொறியிலும் எத்தனோலை மட்டும் தொங்கவிட்டால், கறுவாவுக்கு ஆகாததையே தவறவிடுவோம்.

துறைமுக வேலியோரத்திலும் ஒருகொடவத்தைக் கொள்கலன் முற்றங்களிலுமாக முதலில் பன்னிரண்டு பொறிகள் போதும். புனல்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய கறுப்புப் பல்புனல் பொறியாக இருக்கட்டும். ஒன்றுக்கொன்று குறைந்தது 25 மீற்றர் தள்ளி, சேகரிப்புக் குவளை நிலத்திலிருந்து ஒரு மீற்றர் அளவில் தொங்க வேண்டும். இரண்டில் வால்மிளகு எண்ணெய், மற்றவற்றில் எத்தனோல். கொள்கலனில் கட்டாதீர்கள், மறுநாள் அது அங்கே இராது. பொறியின் வழுக்கும் பூச்சின் மேல் கடற்காற்றின் உப்பும் தூசும் படிந்தால் வண்டு ஏறித் தப்பிவிடும். மாதம் ஒருமுறை கழுவ வேண்டும்.

குவளையில், சிக்கும் வண்டு கெடாதிருக்க, பாதிக்குப் பாதி நீர் கலந்த புரொப்பிலீன் கிளைக்கோல் திரவம். ஒக்டோபர், நவம்பர் மழையில் அது நிரம்பி வழியும், வண்டுகளும் போய்விடும். விளிம்புக்குக் கீழே நுண்வலை ஒட்டிய வடிதுளை இடுங்கள். மற்ற மாதங்களில் இரு வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பதை அந்த இரு மாதமும் வாராவாரம் பாருங்கள். குளிர்நாட்டுக் கையேடுகள் கோடையில் மட்டும் பொறி வைக்கச் சொல்கின்றன. கொழும்பில் வண்டு பறக்காத மாதமே இல்லை.

பொறி வாங்குவது சுலபம், சிக்கியவற்றை இனம் பிரித்துப் பார்க்கத்தான் ஆளில்லாமல் போகும். எத்தனோலுக்கு உள்ளூர் வண்டுகளே திரளாக வரும். தேயிலையைத் துளைக்கும் ஷொட் ஹோல் போரர் இனமும் அவற்றில் இருக்கலாம். நுணுக்குக்காட்டியின் முன் உட்கார முழுநேர ஆள் ஒருவரும், ஒப்பிட்டுப் பார்க்க உள்ளூர் வண்டுத் தொகுப்பும் இல்லாவிட்டால் போத்தல்கள் அலுமாரியில் குவியும். நிதி குறைவென்றால் பொறிகளைக் குறையுங்கள், ஆளைக் குறைக்க வேண்டாம்.

கொள்கலனைத் திறப்பவர்கள் டோர்ச் அடித்துத் தரையைப் பார்க்கட்டும். மாப்போல் நுண்தூள் கிடந்தால் உலர்மரத் துளைப்பான். மரத்தில் பல்குச்சி போல் தூள் நீட்டிக்கொண்டிருந்தால் பூஞ்சை வளர்க்கும் வண்டு. நார்நாராகக் கிடந்தால் நீள்கொம்பு வண்டு. தூள் வெளிறிப் புதிதாக இருந்தால் உடனே கதவை மூடுங்கள். பிறகு பூச்சிகொல்லி வாயுவான மெதைல் புரோமைட்டால் புகையூட்டுங்கள்: வெப்பநிலை 21 பாகை அல்லது அதற்கு மேல் என்றால் கனமீற்றருக்கு 48 கிராம், 24 மணி நேரம். பிளாஸ்டிக் சுற்றைக் கிழிக்காமல் புகையூட்டினால் வாயு மரத்துக்குள் போகாது, செலவுதான் மிச்சம்.

சந்தேகமான வண்டு சிக்கிய நாளில் கொள்கலனை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு, தாமதக் கட்டணம் யார் தலையில் என்பதை இப்போதே ஒரு பக்கத்தில் எழுதி மூன்று நிறுவனங்களும் ஒப்பமிடுங்கள். முதல் பொறி தொங்குமுன் அந்தப் பக்கம் எங்களுக்கு வேண்டும்.

இப்படிக்கு,
மரப்பூச்சிகளையும் இறக்குமதி மரத்தையும் பரிசோதிக்கும் கொழும்புத் தொழில்நெறிஞர்கள் சிலர்