தம்பி, அந்த லிமிட் 20 பற்றி

அன்புத் தம்பிக்கு,

வாடிக்கையாளர் ஆர்டர்களைப் பக்கத்துக்கு 20 ஆகக் காட்ட நீ எழுதி அனுப்பிய எஸ்கியூஎல் குவெரியைப் பார்த்தேன். கடைசியில் 20 ரெக்கார்டு போதும் என்று லிமிட் 20 போட்டிருக்கிறாய், எந்த வரிசையில் என்று சொல்லும் ஆர்டர் பை எங்கே? அது இல்லாவிட்டால் ‘ஏதோ ஒரு 20 ரெக்கார்டு கொடு’ என்றுதான் கேட்கிறாய், டேட்டாபேஸும் கைக்கு எட்டியதைக் கொடுக்கும். உன் மெஷினில் ஐடி வாரியாக அழகாக வந்ததை நம்பாதே, யாராவது நாலு ரெக்கார்டை அப்டேட் செய்தாலோ சீக்கிரம் தேட உதவும் புது இன்டெக்ஸ் ஒன்று போட்டாலோ நாளைக்கு வேறு 20 வந்து நிற்கும்.

சரி, ஆர்டர் பை தேதி, புதியது முதலில் என்று சேர்த்துவிட்டாய். ஒரே நேரத்தில் அஞ்சாறு ஆர்டர் பதிவாகியிருந்தால்? முதல் பக்கத்தில் வந்தது இரண்டாம் பக்கத்திலும் தலைகாட்டலாம், இன்னொன்று எதிலுமே வராமல் போகலாம். அதனால் தேதிக்குப் பின்னால் ஐடியையும் சேர். இரண்டுக்கும் சேர்த்து ஒரே இன்டெக்ஸ் இருந்தால் 20 எடுத்ததும் நின்றுவிடும். உதவும் இன்டெக்ஸ் எதுவுமே இல்லையென்றால் டேபிள் முழுவதையும் படித்துத்தான் அந்த இருபதைப் பொறுக்கும், லிமிட் இருக்கிறதே என்று வேலை குறையாது. குவெரிக்கு முன்னால் எக்ஸ்பிளெய்ன் போட்டுப் பார், டேட்டாபேஸ் அதை எப்படி ஓட்டப்போகிறது என்று தெரியும்.

அப்புறம், முந்தின பக்கங்களின் ரெக்கார்டை விட்டுவிடச் சொல்லும் அந்த ஆஃப்செட். ஆஃப்செட் 1,00,000 என்றால் ஒரு லட்சம் ரெக்கார்டைத் தாண்டிக் குதிக்காது, ஒவ்வொன்றாகக் கடந்து, கடந்ததையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த இருபதைத் தரும். போகப் போக பக்கம் மெதுவாவது இதனால்தான். முந்தின பக்கத்தின் கடைசி ரெக்கார்டில் இருந்த தேதியையும் ஐடியையும் வைத்துக்கொண்டு, ‘இதற்கு முந்தையவை’ என்று நிபந்தனை போடும் வேர் கண்டிஷனில் கேள். நேராக 57ஆம் பக்கத்துக்குப் போக முடியாதுதான். யார் போகிறார்கள்?

அடுத்த ப்ராஜெக்ட் ஆரக்கிள் டேட்டாபேஸில் என்றாயே, அங்கே லிமிட் என்று எழுதிப் பழகிய கையைக் கொஞ்சம் கட்டிப்போடு. பழைய கோடில், வரும் ரெக்கார்டுக்கெல்லாம் எண் போடும் ரோநம் <= 20 என்று இருக்கும், பக்கத்திலேயே ஆர்டர் பையும் இருக்கும், ஆனால் முதலில் 20 ரெக்கார்டை எடுத்துவிட்டு அந்த இருபதைத்தான் அடுக்கும். அடுக்குவதை உள்ளே இருக்கும் சப்குவெரிக்குள் தள்ளி, ரோநம்மை வெளியே வை. ஆரக்கிள் 12சி பதிப்பிலிருந்து ஃபெட்ச் ஃபர்ஸ்ட் 20 ரோஸ் ஒன்லி என்றே எழுதலாம், அது 2008 எஸ்கியூஎல் தரத்தில் வந்தது, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும் ஏற்றுக்கொள்ளும். எஸ்கியூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸில் இதற்கு டாப் என்று எழுது.

‘அடுத்து’ பட்டனைக் காட்டலாமா என்று தெரிந்துகொள்ள மட்டும் ஒவ்வொரு முறையும் மொத்தத்தை எண்ணும் கவுன்ட் ஓட்டுகிறாய். அதை எடுத்துவிடு. 21 கேள், 20 காட்டு, இருபத்தொன்றாவது வந்தால் பட்டனைப் போடு.

அன்புடன்,
அண்ணன்