பென்சிலுக்கு முன்னே புளியங்கொட்டை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எல்.கே.ஜி. படிக்கும் என் பேத்தியின் டைரியில், 'எழுத்து வேகம் போதவில்லை. வீட்டில் தினமும் இரண்டு பக்கம் எழுத வைக்கவும்' என்று சென்ற வாரம் சிவப்பு மையில் எழுதி அனுப்பியிருந்தார்கள். அவளுக்கு வயது நான்கு. தொடக்கப்பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவள் என்ற முறையில், பள்ளியை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நோட்டு நிரம்பாவிட்டால் 'அங்கே ஒன்றும் சொல்லிக்கொடுப்பதில்லை' என்று பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றும் பெற்றோரை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிற்றெலும்புகளும் குழந்தை பிறக்கும்போது வெறும் குருத்தெலும்புகளே. அவை ஒவ்வொன்றாக எலும்பாக இறுகுவதற்குப் பல ஆண்டுகள் ஆகின்றன. நான்கு வயதில் ஏறக்குறைய பாதிதான் இறுகத் தொடங்கியிருக்கும். அந்தக் கையில் பென்சிலைத் திணித்தால் குழந்தை அதைக் கரண்டியைப் போல ஐந்து விரலாலும் பற்றிக்கொண்டு, தோளை அசைத்து எழுதுகிறது. நாலு கோடு நோட்டின் தாள் கிழிகிறது. களிமண் பிசைந்தும் மணலை அள்ளிக் கொட்டியும் பழகிய விரல்களுக்கு இந்தச் சிரமம் இருப்பதில்லை.

அன்று மாலை பரணிலிருந்த பல்லாங்குழியை இறக்கி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை வீதம் போட்டு, பேத்தியை எதிரே உட்காரவைத்தேன். முதல் நாள் ஒரு குழியில் இரண்டு விழுந்தது, அடுத்த குழி விடுபட்டுப் போனது. நான்காம் நாள் 'ஒரு குழிக்கு ஒரு காய்' என்ற கணக்கு அவள் கைக்கு வந்துவிட்டது. காலியான குழியில் மறுபடி நான்கு காய் சேர்ந்தால் அது 'பசு'. இப்போதெல்லாம் எண்ணிப் பார்க்காமலே 'பாட்டி, பசு!' என்று கூவி அள்ளிக்கொள்கிறாள். நான்கு என்ற அளவைக் கண்ணாலேயே அறிந்துகொள்ளும் இந்தத் திறனை, 4 என்ற எண்ணை ஐம்பது முறை எழுதவைத்து வரவழைக்க முடியாது. என் முறை முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறாளே, அதுவும் அவளுக்குப் புதிதுதான்.

செப்புச் சாமான் வைத்துக் கடை நடத்தும் குழந்தைகளையும் கவனித்திருக்கிறேன். செங்கல் பொடி மிளகாய்த்தூளாகிறது, வேப்பிலை பத்து ரூபாய் நோட்டாகிறது. ஒன்று வேறொன்றைக் குறிக்கும் என்று இப்படி ஒப்புக்கொண்டு பழகிய குழந்தைதான், 'அ' என்ற வளைகோடு ஓர் ஒலியைக் குறிக்கிறது என்பதையும் தடையின்றி ஏற்றுக்கொள்கிறது.

சின்னஞ்சிறு பிள்ளைகள்மீது எழுத்துச் சுமையை ஏற்றக் கூடாது என்பதற்கு விதி இல்லாமல் இல்லை. முதல் இரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-ல் உத்தரவிட்டது. 2020-ல் வந்த மத்திய அரசின் பள்ளிப்பைக் கொள்கையோ மழலையர் வகுப்புக்குப் புத்தகப் பையே வேண்டாம் என்கிறது. பெயர்ப்பலகையில் 'மாண்டிசோரி' என்று போட்டுக்கொள்ளும் பள்ளிகளாவது, 1939-ல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரி அம்மையார், சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்தை முதலில் விரலால் தடவச் சொன்னதை நினைத்துப் பார்க்கலாம். கட்டணம் ஏதும் வாங்காத அங்கன்வாடியில் பிள்ளைகள் ஆடிப் பாடிக்கொண்டிருக்க, ஆயிரக்கணக்கில் பணம் கட்டிய வீட்டுப் பிள்ளை நோட்டின்மீது கவிழ்ந்து கிடப்பது வேடிக்கைதான். அங்கன்வாடிகளிலும் இடநெருக்கடியும் பணியாளர்களின் வேலைச்சுமையும் உண்டு என்பதை மறுக்கவில்லை.

ஆகவே, தனியார் மழலையர் பள்ளிகளை ஆய்வு செய்யச் செல்லும் அலுவலர்கள், கட்டடச் சான்றையும் தீயணைப்புச் சான்றையும் பார்ப்பதோடு, எல்.கே.ஜி. வகுப்பில் நுழைந்து ஒரு குழந்தையின் பையையும் திறந்து பார்க்க வேண்டும். பிள்ளைகள் அள்ளி விளையாட மணல் எங்கே இருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை,
மன்னார்குடி.