பனிக்காலத்துல தோட்டத்துல பர்த்டே வைக்கலாம், சாயங்காலம் மட்டும் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் பொறந்துட்டா போதும், தலைகுந்தா புல்வெளில உப்பு கொட்டுன மாதிரி உறைபனி படிஞ்சு கெடக்குற போட்டோ எல்லா பேப்பர்லயும் வந்துடுது, கூடவே ஊட்டியில இன்னைக்கு இத்தனை டிகிரின்னு ஒரு மினிமம் நம்பர். அது விடியக்காலைல எடுத்த அளவு. 11 மணிக்கு அதே எடத்துல வந்து நின்னா ஸ்வெட்டர கழட்டலாமான்னு தோணும், அத யாரும் எழுதறதில்ல. தயவுசெஞ்சு பகல் டெம்பரேச்சரயும் சேர்த்துப் போடுங்க சார். ஏன் கேக்கறேன்னா இத பாத்துட்டு கீழ கோயமுத்தூர்ல இருக்கற சொந்தக்காரங்க எல்லாம் ஜனவரில கொழந்தைக்கு தோட்டத்துல பார்ட்டியா, பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிடப்போவுதுன்னு போன் மேல போன் போடறாங்க, இங்கயே இருக்கறவங்களும் பயந்துபோய் ஹால் புக் பண்ணி ஜன்னல் கதவெல்லாம் சாத்தி அத்தனை பிள்ளைங்களையும் உள்ள அடைக்கறாங்க. சளிக் காய்ச்சல் ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு வர்ற கிருமி, அதுக்கு சாத்தி வச்ச ஹால விட வசதியான எடம் வேற எது?

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். மலையில பனிக்காலத்துல கொழந்தைங்க பார்ட்டிய தாராளமா வெளில வைங்க, ஆனா 11 மணிலருந்து 2 மணிக்குள்ள வைங்க. இந்த சீசன்ல வானத்துல மேகம் இல்லாததாலதான் ராத்திரி தரையில இருக்கற சூடெல்லாம் மேல போயி காலைல புல்லு உறைஞ்சு கெடக்குது, அதே மேகமில்லாத வானம்தான் பகல்ல நல்ல வெயிலும் குடுக்குது, 20 டிகிரி வரைக்கும் கூட போகும். 4 மணிக்கு மேல மலையோட நிழல் பள்ளத்துல விழுந்துச்சுன்னா மள மளன்னு எறங்கிடும். நம்மாளுங்க என்னடான்னா கரெக்டா 6 மணிக்கு கேக் கட்டிங் வைக்கறாங்க! சீரியல் லைட் போட்டா போட்டோ நல்லா வரும்னு டெகரேஷன்காரர் சொல்றாராம். பிள்ளைங்க கை வெறைச்சு மூக்கு ஒழுகிட்டு நிக்கறதும் அதே போட்டோல வருதே, அத பாக்க மாட்டாங்களா. பெரியவங்க நட்சத்திரத்தன்னைக்கே வைக்கணும்னா அன்னைக்கு கோயில்ல அர்ச்சனை பண்ணிட்டு பார்ட்டிய ஞாயித்துக்கிழமைக்கு தள்ளிக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்லப்போறதில்ல.

புல்லு 10 மணி வரைக்கும் ஈரமாத்தான் இருக்கும், அதனால கீழ தார்ப்பாய விரிச்சு மேல ஜமக்காளம் போட்டுடுங்க, ஈரத்துல உக்காந்தா பகல்லயும் குளிரும். கேம்ஸ் விஷயத்துல ஒண்ணு கவனிச்சிருக்கேன். மியூசிக்கல் சேர் வச்சா மொதல்ல அவுட் ஆகுறது எப்பவும் சின்னப் பிள்ளைங்கதான், அதுங்க ஓரமா நின்னு நடுங்கும், அவுட் ஆகாததுங்க வேர்த்து ஓடும். அதனால அவுட்டே இல்லாத வெளையாட்டா வைங்க, கயிறு இழுக்கறது, தோட்டத்துல ஒளிச்சு வச்ச மிட்டாய தேடறது, ரெண்டு டீமா பிரிஞ்சு பந்து எறியறது, எல்லாப் பிள்ளையும் அசைஞ்சுட்டே இருக்கும். வேர்த்த பனியன மாத்த ஒரு செட் எடுத்துட்டு வாங்கன்னு அழைப்புலயே சொல்லிடுங்க. குளிர் காத்துல வெயில் தெரியாது, இவ்ளோ ஒசரத்துல அது நல்லாவே சுடும், கன்னமெல்லாம் செவந்துடும், அதனால மங்கி கேப்ப விட ஓரம் வச்ச தொப்பிதான் அந்த நேரத்துக்கு லாயக்கு.

பலூன வீட்டுக்குள்ள ஊதி வெளிய நிழல்ல கட்டுனா சூம்பிப்போய் தொங்கும், ஃபுல்லா ஊதி வெயில்ல கட்டுனா பட்டு பட்டுன்னு வெடிக்கும், முக்கால்வாசி ஊதி கட்டுங்க. கேக் பட்டர் க்ரீம்னா காலைலயே வெளிய வைக்காதீங்க, கத்தி எறங்காது.

சாப்பாட்டுல முன்னாடியே சுட்டு அடுக்கி வச்ச பஜ்ஜி போண்டாவெல்லாம் வேஸ்ட், பரிமாறறதுக்குள்ள ஆறிடும். தோட்டத்துலயே ஓரமா, பிள்ளைங்க கிட்ட வராத எடமா பாத்து அடுப்ப வச்சு பணியாரம் சுடச்சுட போட்டுக்கிட்டே இருந்தா அவங்களே லைன்ல நின்னு வாங்கிப்பாங்க. எங்க ஊரு கேரட்ல மொளகு தட்டிப்போட்ட சூப், அவிச்ச வேர்க்கடலை, பெரியவங்களுக்கு சுக்கு காப்பி, இது போதும். ப்ளாஸ்டிக் பூசுன பேப்பர் கப்பெல்லாம் 2019-லயே தடை பண்ணியாச்சு, டம்ளரும் பாக்குமட்டைத் தட்டும் வச்சுக்கோங்க. ராத்திரி முழுக்க வெளிய கெடந்த சிலிண்டர்ல காஸ் சரியா ஏறாது, தீ மெதுவாத்தான் எரியும், முந்தின நாளே வெளிய தூக்கி வைக்காதீங்க.

ஒண்ணே ஒண்ணு கண்டிப்பா சொல்லணும். குளிருதேன்னு ஷெட்டுக்குள்ளயோ சாத்துன டென்ட்டுக்குள்ளயோ கரி அடுப்ப வைக்கவே வைக்காதீங்க. 2024-ல கொடைக்கானல்ல ரூமுக்குள்ள கரி அடுப்போட தூங்குன ரெண்டு பேர் செத்துப்போனாங்க, அதுல வர்ற கார்பன் மோனாக்ஸைடு கண்ணுக்கும் தெரியாது, வாசனையும் கிடையாது. கேம்ப் ஃபயரும் நைலான் ஃப்ராக் போட்ட பொண்ணுங்க ஓடற எடத்துல வேண்டவே வேண்டாம், பகல்ல வச்சா அதுக்குத் தேவையே வராது.

அப்புறம் முடிஞ்சதும் மீந்த கேக்கு, பழத்தோலு எல்லாத்தையும் இருட்டறதுக்குள்ள அள்ளி மூடிபோட்ட டப்பால அடைச்சு உள்ள வச்சுடுங்க. குன்னூர் கோத்தகிரி பக்கம் கரடி வீட்டு வாசல் வரைக்கும் வர்றது புதுசில்ல, காட்டுமாடு சாயங்காலமானா தேயிலைத் தோட்டத்துலருந்து ரோட்டுக்கே எறங்கிடுது, 8 மணி வரைக்கும் பார்ட்டி வச்சுட்டு அந்த இருட்டுல பிள்ளைங்கள கூட்டிட்டு நடந்து போகச் சொல்றவங்கள என்ன சொல்றதுன்னே தெரியல.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குன்னூர்