அந்த ‘ஆடம்பரம்’ எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் செயற்கை நுண்ணறிவு பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. சமத்துவத்துக்கும் ஜனநாயகத்துக்கும் இத்தொழில்நுட்பத்தால் நேரும் தீங்குகளை ஆராயப் பணம் ஒதுக்குவது பணக்கார நாடுகளின் ஆடம்பரமாம். நாம் முதலில் தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்துவிட வேண்டுமாம். உங்கள் பத்திரிகையை நாற்பது வருடமாக வாசிப்பவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்த வரி வருத்தியது.

31 வருடம் அரச அலுவலகங்களில் சிங்களத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தவன் நான். 1987 இல் இலங்கை அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியபோது, இனி எல்லாம் சரியாகும் என்று நம்பியவர்களில் ஒருவன். அதற்குப் பிறகும் பிற்பகல் மூன்று மணிக்குச் சுற்றறிக்கையை மேசையில் வைத்து, “காலையில் வேண்டும், எப்படியும் இதை யாரும் வாசிக்கப் போவதில்லை” என்று சொன்ன மேலதிகாரிகளைக் கண்டிருக்கிறேன். பஸ்ஸில் கர்ப்பிணித் தாய்மாரின் ஆசனத்துக்கு மேலே ‘தாய்’ ‘நாய்’ ஆகித் தொங்கியதை நீங்களும் அறிவீர்கள். அந்தப் பிழைகளையெல்லாம் விட்டவர்கள் மனிதர்கள். போய்ச் சண்டை பிடிக்க ஒரு மேசையாவது இருந்தது.

சென்ற மாதம் பக்கத்து வீட்டு அக்காவுக்குத் துணையாக ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எழுபது வயது, கணவர் இல்லை. பிறப்புச் சான்றிதழில் தமிழில் அழகாகத் தெய்வானைப்பிள்ளை என்று இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது அடையாள அட்டையில் ‘ரி, எச்’ என்று தொடங்குகிறது, வங்கிப் புத்தகத்தில் ‘டி’ என்று தொடங்குகிறது. நம்மவர் பெயர்கள் எல்லாவற்றுக்கும் உள்ள கதைதான். கருமபீடத்தில் இருந்த பிள்ளை பொறுமையானவர். திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். சிவப்பு எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி. “என்னால் ஒன்றும் செய்ய முடியாது அம்மா, கணினி ஏற்றுக்கொள்ளவில்லை” என்று சிங்களத்தில் சொன்னார். அதை நான் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். “அந்தக் கணினிக்கு மேலே யார் தம்பி இருக்கிறார்கள்?” என்று கேட்டார் அக்கா. எங்கள் இருவருக்கும் பதில் தெரியவில்லை. திரைக்குப் பின்னால் இருப்பது செயற்கை நுண்ணறிவா, வெறுமனே எழுத்துகளை ஒப்பிடும் நிரலா என்று சொல்லக்கூட அங்கே ஆள் இல்லை. ஆராயப் பணம் வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான் ஐயா.

2023 இல் அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவுக்கான பட்டியல் வெளியானபோது மேன்முறையீடுகள் இலட்சக்கணக்கில் குவிந்தன. அது குடும்பங்களுக்குப் புள்ளியிட்டுத் தெரிவுசெய்த கணக்கு மட்டும்தான், ஒப்புக்கொள்கிறேன். நாளை அதே கணக்கை யாரும் திறந்து பார்க்க முடியாத இயந்திரம் போட்டால் எந்தப் பிரதேச செயலகத்தில் போய்க் கேட்பது? நெதர்லாந்தில் பிள்ளைப் பராமரிப்புக் கொடுப்பனவில் வரித் திணைக்களத்தின் கணினி நிரல் வெளிநாட்டுப் பிரஜைகளைச் சந்தேகக் கண்ணோடு தரம் பிரித்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கடனில் விழுந்தன. 2021 ஜனவரியில் அரசாங்கமே பதவி விலகியது. அங்கே தோண்டிப் பார்க்க ஆட்கள் இருந்தார்கள்.

ஜனநாயகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகனையில் முஸ்லிம் சகோதரர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்ததற்கு முன்பே, முகநூலில் பரவிய சிங்கள வெறுப்புப் பதிவுகளைப் பற்றிப் பலர் முறையிட்டிருந்தார்கள். அவற்றை வாசித்துப் புரிந்துகொள்ளப் போதிய ஆட்கள் அந்நிறுவனத்திடம் இருக்கவில்லை. மன்னிப்பு வந்தது 2020 மே மாதத்தில். இரண்டு வருடத்துக்கு மேல்! பாதிக்கப்பட்ட நாடு நாம். படித்துப் பார்ப்பது மட்டும் பணக்காரருக்கு உரியதா?

ஆராய்ச்சியால் என்ன பயன் என்றும் கட்டுரையாளர் கேட்கிறார். 2018 இல் ஜோய் புலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரு ஆய்வாளர்கள் ஆபிரிக்க, ஐரோப்பியப் பாராளுமன்ற உறுப்பினர்கள் 1,270 பேரின் படங்களைக் கொண்டு, முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெள்ளை நிற ஆண்களில் பிழை 0.8 வீதத்தைத் தாண்டவில்லை. கறுத்த பெண்களில் 34.7 வீதம் வரை போனது. அதன் பின்னரே நிறுவனங்கள் திருத்த முன்வந்தன. அக்காவின் நிறமும் என் நிறமும் எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

2023 நவம்பரில் அமெரிக்காவின் பத்து அறக்கட்டளைகள் இத்தகைய பணிகளுக்கு 20 கோடி டொலருக்கு மேல் ஒதுக்குவதாக அறிவித்தன. நாமோ எல்லாத் துறை ஆராய்ச்சிக்கும் சேர்த்து மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 வீதமளவே செலவிடுகிறோம். அந்தச் சிறு பணத்திலும் தமிழ்ப் பெயர்களுக்கு என்ன நேர்கிறது என்று பார்க்க ஒரு பங்கு கேட்பது ஆடம்பரமா? தமிழ் வாசிக்கத் தெரியாதவர் அக்காவின் சான்றிதழை எப்படி ஆராய்வார்?

உங்களிடம் கேட்பது சிறிய உதவிதான். ஆய்வு நிதிக்கு விண்ணப்பம் கோரும் அறிவித்தல்கள் நம் பிள்ளைகளின் கண்ணில் படுவதற்குள் முடிவுத் திகதி கடந்துவிடுகிறது. கேள்விப்பத்திர விளம்பரங்கள் வரும் பக்கத்தில் வாரத்துக்கு ஒரு தடவை ஒரு சிறு கட்டம் ஒதுக்கி, அந்த அறிவித்தல்களைத் தமிழில் போடுங்கள். மொழிபெயர்க்க ஆள் இல்லையென்றால் நான் செய்து தருகிறேன், சம்பளம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரச மொழிபெயர்ப்பாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.