ஓடைத் தண்ணீரையும் அளந்தால் என்ன?

ஐயா,

மாவட்டத்தில் நிலத்தடி நீர்மட்டம் இத்தனை மீட்டர் ஏறியது, இறங்கியது என்று அடிக்கடி செய்தி போடுகிறீர்கள். சரி, ஆனால் அது சராசரிக் கணக்கு. மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு 4 முறை கண்காணிப்புக் கிணறுகளை அளக்கிறது. இரண்டு கிணறுகளுக்கு நடுவே என்ன நிலவரம் என்பதை ஓடைகளிடம்தான் கேட்க வேண்டும். மழை ஓய்ந்து பல வாரம் கழிந்தும், மேலே அணை எதுவும் திறக்காமலேயே ஓர் ஓடை ஓடுகிறதென்றால், அது பெரும்பாலும் நிலத்துக்குள்ளிருந்து கசிகிற ஊற்றுநீர். ஓடையின் நீர்ப்பரப்பே அங்கே நிலத்தடி நீர்மட்டம். பாலத் தூணில் சென்டிமீட்டர் கோடு போட்டு, கடல் மட்டத்திலிருந்து அதன் உயரத்தையும் குறித்துவிட்டால் போதும், பள்ளிப் பிள்ளைகளே படித்துச் சொல்லிவிடுவார்கள். அதை வைத்து வரையும் சமமட்டக் கோடுகள் (நீர்மட்டம் ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் கோடுகள்) ஆற்றைக் கடக்கும்போது தண்ணீர் வரும் பக்கமாக வளைந்தால் ஆறு நிலத்திலிருந்து நீரை வாங்குகிறது, தண்ணீர் போகும் பக்கமாக வளைந்தால் நிலத்துக்குக் கொடுக்கிறது. மணல் அள்ளிப் பள்ளமான ஆறு பக்கத்துக் கிணறுகளை வற்ற வைப்பதும் இதில் தெரிந்துவிடும்.

கண்மாயை மட்டும் அப்படியே நம்பிவிடக் கூடாது. அடியில் களிமண் படிந்திருந்தால் உள்ளே தண்ணீர் தளும்பும், கரைக்கு வெளியே கிணறு காய்ந்து கிடக்கும்.

நீங்களும் தரையிலிருந்து ஆழம் மட்டும் போடாமல், கடல் மட்டக் கணக்கையும் சேர்த்துப் போடுங்களேன்.

ஒரு விவசாயி,
திருநெல்வேலி மாவட்டம்